பிள்ளையின் முகமும் பெற்றோரின் வயதும்



தோட்டத்து லயத்தில் ஒரு குழந்தை பிறந்துவிட்டால், அன்று மாலைக்குள் அண்டை வீட்டார் அத்தனை பேரும் வந்து எட்டிப் பார்த்துவிடுவார்கள். மூக்கு அப்பனுடையது, நெற்றி பாட்டியுடையது என்று ஆளுக்கு ஒரு சொல் சொல்வார்கள். ஆனால் சில குழந்தைகளைக் கண்டதும் பேச்சுத் தணிந்துவிடும். தோல் சுருங்கி, கன்னம் ஒட்டி, நெற்றியில் கோடு விழுந்து, பிறந்த அன்றே முதுமை வந்துவிட்டது போன்ற முகம். "வயசாளிக்குக் கட்டிக் கொடுத்தால் பிள்ளையும் கிழட்டு முகத்தோடுதான் பிறக்கும்" என்று யாராவது ஒருவர் மெல்லச் சொல்வார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். உள்ளே பாயில் படுத்திருக்கும் தாயின் காதிலும் அது விழும்.

இந்தப் பேச்சில் உண்மை உண்டா? பெற்றோரின் வயதுக்கும் பிள்ளையின் உடல்நலத்துக்கும், அதன் தோற்றத்துக்கும் தொடர்பு உண்டா? உண்டு. ஆனால் லயத்துப் பேச்சு சொன்ன விதத்தில் அன்று. அது எப்படி என்று அறிய வேண்டுமானால், நம் முன்னோர் எந்த வயதில் மணந்தார்கள், ஏன் அந்த வயதில் மணந்தார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஏனென்றால், தாய் தகப்பனின் வயதை அவர்கள் மட்டுமே தீர்மானித்துவிடவில்லை. காலமும் தொழிலும் சட்டமும் சேர்ந்துதான் தீர்மானித்தன.

நெகிரி செம்பிலானில் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே 1891-ஆம் ஆண்டு இரயில் பாதை திறக்கப்பட்டது. அதன் பின்வந்த ஆண்டுகளில் லாபு, ரந்தாவ், சிலியாவ், லுக்குட் முதலிய வட்டாரங்களிலும், மறுபுறம் பகாவ், ரொம்பின், கெமாஸ் பக்கமும் காடுகள் அழிக்கப்பட்டன. முதலில் காப்பியும் பிறகு ரப்பரும் நடப்பட்டன. திருச்சி, தஞ்சாவூர், சேலம், ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து கண்காணிமார் ஆள் சேர்த்துக் கொண்டுவந்தார்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்ட பின்னும் கண்காணி முறை தொடர்ந்தது. 1938-இல் இந்திய அரசு இதற்குத் தடை விதிக்கும் வரை கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன.

அந்தக் கப்பல்களில் வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். காட்டை வெட்டவும் நிரை பிடிக்கவும் ஆண்கள்தாம் வேண்டும் என்று தோட்ட நிர்வாகங்கள் தொடக்கத்தில் கருதின. பெண்கள் வந்த தொகை மிகக் குறைவு. ஆண்டுகள் செல்லச் செல்ல அது கூடியது என்றாலும், இரண்டாம் உலகப் போர் வரையில் நம்மவரிடையே ஆண்களே மிகுந்திருந்தார்கள்.

இதன் விளைவு என்ன? பெண் கிடைப்பது அரிதான இடத்தில் ஆண்கள் நெடுநாள் காத்திருந்தார்கள். கொஞ்சம் பணம் சேர்த்து, கடன் தீர்த்து, முப்பதைத் தாண்டிய பிறகு மணம் முடித்தவர்கள் பலர். பெண் பிள்ளைகளுக்கோ காத்திருக்க வழியே இல்லை. வயதுக்கு வந்த பெண்ணை லயத்தில் வைத்திருப்பது வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பது போல என்று தாய்மார் அஞ்சினார்கள். பதின்மூன்று, பதினான்கு வயதில் மாலை மாற்றிவிட்டார்கள். சில குடும்பங்களில் தாய்மாமனே மாப்பிள்ளையாக வந்தார். இவ்வாறு வயது முதிர்ந்த தகப்பன், சிறுபிள்ளை போன்ற தாய் என்று ஒரே வீட்டில் இரண்டும் சேர்ந்தன.

இங்கே நாம் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். ரப்பர் கன்றை நட்டு ஐந்து முதல் ஏழு ஆண்டு வரை அதில் கத்தி வைப்பதில்லை. நாடாவைக் கொண்டு மரத்தைச் சுற்றி அளப்பார்கள். ஏறக்குறைய 20 அங்குலச் சுற்றளவு வந்த பிறகே பால் எடுக்க விடுவார்கள். முன்னதாகவே பட்டையைச் சீவினால் மரம் நொந்துபோகும், அதன் வளர்ச்சி நின்றுவிடும் என்பது தோட்டத்தில் சிறு பிள்ளைக்கும் தெரியும். மரத்தின் வயதுக்குக் கிராணியின் அலுவலகத்தில் கணக்கு இருந்தது. எந்த நிரை எந்த ஆண்டில் நட்டது என்று ஏட்டைப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஆனால் அந்த நிரையில் வாளி சுமந்து நின்ற பெண்ணின் வயது பல வீடுகளில் எந்த ஏட்டிலும் இல்லை. "வெள்ளம் வந்த வருஷம் பிறந்தவள்" என்பதுதான் கணக்கு.

இளம் வயதில் தாயானவளின் உடம்பில் என்ன நிகழ்கிறது? பதினான்கு வயதுப் பெண்ணின் எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. இடுப்பெலும்பு முழு அகலத்துக்கு விரிந்திருக்காது. ஆகவே பிரசவ வேதனை நாள்கணக்கில் நீளக்கூடும். வளரும் அவள் உடம்புக்கே சத்து வேண்டும். கருவுக்கும் அதே சத்து வேண்டும். ஒரு சோற்றுப் பானையில் இருவர் பங்கு கேட்கும்போது இருவருமே அரை வயிற்றோடு எழுகிறார்கள். இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வருவதும், மாதம் நிறையுமுன் குழந்தை பிறப்பதும் இளம் தாய்மாரிடையே மிகுதி என்பது மருத்துவத்தில் நன்கு அறியப்பட்ட செய்தி.

நம் தோட்டங்களில் இவற்றோடு இன்னும் இரண்டு பகைவர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஒன்று கொக்கிப்புழு. ஈர மண்ணில் வெறுங்காலோடு நடப்பவர்களின் பாதத்தின் வழியே உடம்பில் நுழைந்து, குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும் புழு அது. மற்றொன்று மலேரியாக் காய்ச்சல். மலைப்பாங்கான இடத்தில் காட்டை அழித்தபோது, நிழலில் ஓடிய சிற்றோடைகளின் மேல் வெயில் விழுந்தது. வெயில் படும் தெளிந்த ஓடை நீரில்தான் மலேரியாவைப் பரப்பும் ஒரு வகைக் கொசு பெருகும். 1901-இல் கிள்ளானில் மலேரியா ஒழிப்பைத் தொடங்கிய மருத்துவர் மால்கம் வாட்சன், பின்னர் தோட்டங்களிலும் ஆராய்ந்து இந்த உண்மையை எடுத்துக் காட்டினார். தாழ்நிலத்தில் பயன் தந்த முறை மலைத் தோட்டத்தில் பயன் தராது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

மலேரியா யாரையும் விடாது. ஆனால் முதல் பிள்ளையைச் சுமப்பவளை அது மிகக் கடுமையாகத் தாக்கும். காய்ச்சல் கிருமிகள் நஞ்சுக்கொடியில் தங்கி, தாயிடமிருந்து குழந்தைக்குச் செல்லும் உணவைத் தடுத்துவிடும். இப்போது எண்ணிப் பாருங்கள். தலைப்பிள்ளைத்தாய்ச்சி, வயது பதினைந்து, இரத்தத்தைப் புழு உறிஞ்சுகிறது, நஞ்சுக்கொடியில் மலேரியா. அவள் வயிற்றில் வளரும் குழந்தைக்குக் கொழுப்பு எங்கிருந்து சேரும்? தோலுக்கு அடியில் சேர வேண்டிய கொழுப்பு சேராமல் குழந்தை பிறந்தால், அதன் தோல் சுருங்கித் தொங்கும். கன்னம் ஒட்டியிருக்கும். முகம் முதியவர் முகம் போலத் தோன்றும். இரண்டரைக் கிலோவுக்கும் குறைந்த எடையில் பிறந்து, வயிற்றிலேயே சத்துக் குறைந்துபோன குழந்தைகளின் முகத்தை இன்றும் மருத்துவர்கள் இவ்வாறே விவரிக்கிறார்கள்.

ஆக, லயத்தில் கண்ட அந்தக் கிழட்டு முகம் தகப்பனின் முதுமையால் வந்ததன்று. தாயின் இளமையும் பசியும் நோயும் சேர்ந்து எழுதிய முகம் அது. பார்த்தவர்களின் கண்ணில் பட்டது உண்மைதான். அதற்கு அவர்கள் சொன்ன காரணம்தான் தவறு.

இளவயது மணத்தைத் தடுக்க வேண்டும் என்ற எண்ணம் நம் தாய்நாட்டில் எழுந்த வரலாறும் துயரமானது. கல்கத்தாவில் புல்மோனி தாசி என்ற சிறுமி, ஏறக்குறைய பத்து வயதிலேயே கணவன் வீட்டில் உயிரிழந்தாள். 1890-இல் நடந்த அந்த வழக்கு நாட்டையே உலுக்கியது. அதன் பின் 1891-இல் பெண்ணின் இசைவு வயதை 10-இலிருந்து 12-ஆக உயர்த்திச் சட்டம் வந்தது. அதற்கே பெரும் எதிர்ப்பு எழுந்தது. 1929-இல் சாரதா சட்டம் என்று வழங்கப்படும் குழந்தை மணத் தடுப்புச் சட்டம் நிறைவேறிற்று. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று அது வரையறுத்தது. சென்னை சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினரும் மருத்துவருமான முத்துலட்சுமி ரெட்டி இளவயது மணத்துக்கு எதிராகக் குரல் கொடுத்தவர்களில் முன்னணியில் நின்றார். சிறுமிகளின் பிரசவத்தை மருத்துவராகக் கண்டறிந்தவர் அவர். அதே 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடும் பெண்ணின் மண வயதை 16-க்கு மேல் உயர்த்த வேண்டும் என்று தீர்மானித்தது.

சாரதா சட்டம் கடல் தாண்டி மலாயாவுக்கு வரவில்லை. ஆனால் அந்த எண்ணம் வந்தது. 1929 டிசம்பரில் பெரியார் ஈ. வெ. ராமசாமி மலாயாவுக்கு வந்து ஊர் ஊராகப் பேசினார். அடுத்த பத்தாண்டில் கோ. சாரங்கபாணி போன்றோரின் சீர்திருத்தப் பணியும், 1935-இல் அவர் தொடங்கிய 'தமிழ் முரசு' ஏடும் தோட்டங்கள் வரை எட்டின. பெண்ணைப் படிக்க வையுங்கள், பொறுத்து மணம் முடியுங்கள் என்ற பேச்சு லயத்துத் திண்ணைகளில் அடிபடத் தொடங்கியது.

அதற்குள் போர் வந்துவிட்டது. 1942-இலும் 1943-இலும் தோட்டத்து ஆண்களை ஜப்பானியர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. வயது வந்த பெண்ணை வீட்டில் வைத்திருக்கப் பயந்து, அவசர அவசரமாகத் தாலி கட்டி வைத்த கதைகளை நம் மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அரிசி இல்லாமல் மரவள்ளிக் கிழங்கே உணவாக இருந்த அந்த ஆண்டுகளில், அந்த இளம் பெண்கள் பெற்ற பிள்ளைகளின் நிலையைச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

போருக்குப் பின்னே மாற்றம் வந்தது. 1947, 1957, 1970 ஆகிய ஆண்டுகளின் மக்கள் கணக்கெடுப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், இந்நாட்டு இந்தியப் பெண்களின் மண வயது படிப்படியாக ஏறிவருவதைக் காணலாம். பள்ளிக்கூடம் அதற்கு ஒரு காரணம். பெண்களின் கைக்கு வந்த சம்பளம் மற்றொரு காரணம். 1955-ஆம் ஆண்டின் தொழில் சட்டம் 60 நாள் பேறுகால விடுப்புக்கு வழி செய்தது. 2023 ஜனவரி முதல் அந்த விடுப்பு 98 நாளாக உயர்ந்திருக்கிறது. 1976-இல் இயற்றப்பட்ட திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதார் மணம் செய்துகொள்ள 18 வயது நிறைந்திருக்க வேண்டும் என்று அது விதித்தது. 16 வயது நிறைந்த பெண்ணுக்கு மாநில முதலமைச்சரின் சிறப்பு அனுமதி வேண்டும். மரத்துக்கு நாடா பிடித்த நாட்டில், பெண்ணுக்கும் ஓர் அளவு வந்து சேர இத்தனை காலம் ஆயிற்று.

நேயர்களே, இதுவரை வயதின் ஒரு கரையைப் பார்த்தோம். இனி மறு கரைக்குப் போவோம்.

அந்நாளில் இளமையில் தொடங்கிய பேறு நாற்பதைத் தாண்டியும் நடந்தது. மூத்த மகளும் தாயும் ஒரே நேரத்தில் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த வீடுகள் நமக்குப் புதியன அல்ல. அப்படிப் பிறந்த கடைக்குட்டிகளில் சிலருடைய முகம் மற்ற உடன்பிறப்புகளைப் போல் இராது. கண் சற்றே மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். மூக்குத் தண்டு தட்டையாக இருக்கும். உள்ளங்கையில் குறுக்கே ஒரே ரேகை ஓடும். உடம்பு துவண்டிருக்கும். பேச்சும் நடையும் தாமதமாகும். தாய் கருவுற்றிருந்தபோது எதையோ பார்த்துப் பயந்துவிட்டாள் என்றும், முன்வினை என்றும், சாபம் என்றும் பேசுவார்கள்.

இந்தக் குழந்தைகளுக்குள்ள பொதுவான அடையாளங்களை 1866-இல் முதன்முதலாகத் தெளிவாக எழுதி வைத்தவர் ஜான் லாங்டன் டவுன் என்ற ஆங்கில மருத்துவர். அவர் பெயராலேயே இது டவுன் நோய்க்குறி எனப்படுகிறது. அவர் முகத்தைப் பார்த்து ஓர் ஆசிய இனத்தின் பெயரை இதற்கு வைத்துவிட்டார். அந்தப் பெயர் அந்த மக்களை இழிவுபடுத்துகிறது என்பதால் 1960-களில் கைவிடப்பட்டது. நாமும் அதைச் சொல்லலாகாது.

காரணம் என்ன என்பது நெடுங்காலம் தெரியவில்லை. தாயின் வயதா, தகப்பனின் வயதா, எத்தனையாவது பிள்ளை என்பதா? இவை மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. கடைசிப் பிள்ளை பிறக்கும்போது தாய்க்கும் வயதாகியிருக்கும், தகப்பனுக்கும் வயதாகியிருக்கும் அல்லவா? இங்கிலாந்தில் லயனல் பென்ரோஸ் என்ற அறிஞர் பல குடும்பங்களின் கணக்கை எடுத்து, இந்த முடிச்சை அவிழ்த்தார். தாயின் வயதே முக்கியமானது, பிள்ளையின் வரிசை எண் அன்று என்று 1930-களில் அவர் காட்டினார். 1959-இல் பாரிசில் ஜெரோம் லெஜூன், மார்த்தே கோத்தியே, ரேமோன் துர்ப்பேன் ஆகியோர் அதன் உள்காரணத்தை வெளியிட்டார்கள். மனித உயிரணு ஒவ்வொன்றிலும் 46 குரோமோசோம்கள் உண்டு. இவைதாம் தாய் தகப்பனின் குணங்களைப் பிள்ளைக்குக் கொண்டுசெல்லும் நூலிழைகள். டவுன் குழந்தைகளிடம் 21-ஆம் எண்ணுள்ள இழை இரண்டுக்குப் பதில் மூன்றாக இருக்கிறது. பயமும் இல்லை, சாபமும் இல்லை. ஓர் இழை கூடுதல், அவ்வளவே.

தாயின் வயது ஏற ஏற இது ஏன் மிகுதியாகிறது? பெண்ணின் கருமுட்டைகள் அவள் பிறப்பதற்கு முன்பே, தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. அதன் பின் புதிதாக உண்டாவதில்லை. நம் பாட்டி நம் தாயைச் சுமந்தபோதே, நமக்குப் பாதியான அந்த முட்டையையும் சேர்த்துச் சுமந்திருக்கிறாள். இருபது வயதில் கருவுறும் முட்டைக்கு வயது இருபது. நாற்பதில் கருவுறும் முட்டைக்கு நாற்பதுக்கும் மேல். நெடுநாள் காத்திருந்த முட்டையில் இழைகள் சரிபாதியாகப் பிரிவதில் பிழை நேரும் வாய்ப்பு கூடுகிறது.

அந்த வாய்ப்பு எவ்வளவு? ஏறத்தாழ இப்படிச் சொல்லலாம். இருபது வயதுத் தாய்க்கு 1,500 பிரசவத்தில் ஒன்று. முப்பதில் 900-இல் ஒன்று. முப்பத்தைந்தில் 350-இல் ஒன்று. நாற்பதில் 100-இல் ஒன்று. நாற்பத்தைந்தில் 30-இல் ஒன்று. இந்தக் கணக்கை இரு விதமாகவும் படிக்க வேண்டும். நாற்பதுக்கு மேல் அபாயம் பெரிதும் உயர்கிறது என்பது ஒன்று. நாற்பது வயதில் பெறும் தாய்மாரிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு இந்தக் குறை நேர்வதில்லை என்பது மற்றொன்று. இளம் தாய்மாருக்கும் இத்தகைய பிள்ளை பிறக்கலாம் என்பதையும் மறக்கக்கூடாது.

வயது கூடிய தாய்க்கு வேறு கவனமும் தேவை. கருவுற்ற காலத்தில் நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் வருவது முப்பத்தைந்துக்கு மேல் மிகுதி. நம் இந்திய வழியினருக்கு நீரிழிவு எளிதில் வருவது நாம் அறிந்ததே. இரட்டைக் குழந்தைகளும் முப்பதுகளின் பிற்பகுதியில் சற்றுக் கூடுதலாகப் பிறக்கின்றன.

எல்லாம் தாயைப் பற்றியே சொன்னோம். தகப்பனின் வயதுக்குப் பங்கே இல்லையா? இதை நம் சமுதாயம் மிகக் குறைவாகவே பேசியிருக்கிறது.

ஜெர்மன் மருத்துவர் வில்ஹெல்ம் வைன்பெர்க் 1912-இல் ஒன்றைக் கவனித்தார். கைகால் குட்டையாகப் பிறக்கும் ஒரு வகைக் குள்ளத் தன்மை, குடும்பத்தின் கடைசிப் பிள்ளைகளிடம் மிகுதியாகத் தோன்றியது. பிற்காலத்தில் அது தகப்பனின் வயதோடு தொடர்புடையது என்று பென்ரோஸ் விளக்கினார். ஆணின் வித்தணு பெண்ணின் முட்டையைப் போலச் சேமிப்பில் இருப்பதன்று. வாலிபம் தொடங்கி முதுமை வரை அது புதிது புதிதாக உருவாகிக்கொண்டே இருக்கிறது. ஓர் ஏட்டைப் பார்த்து எழுதி, அந்தப் படியைப் பார்த்து மறுபடி எழுதி, இப்படி நூற்றுக்கணக்கான முறை படி எடுத்தால் எழுத்துப் பிழை சேருமல்லவா? அப்படித்தான். ஐஸ்லாந்து நாட்டில் நடந்த ஆய்வு ஒன்று 2012-இல் வெளிவந்தது. இருபது வயதுத் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு ஏறக்குறைய 25 புதிய எழுத்து மாற்றங்கள் வருகின்றன, நாற்பது வயதுத் தகப்பனிடமிருந்து ஏறக்குறைய 65 வருகின்றன என்று அது கண்டது. இவற்றில் மிகப் பெரும்பாலானவை ஒரு தீங்கும் செய்யாதவை. மிகச் சிலவே நோயாக மாறுகின்றன. நாம் சொன்ன குள்ளத் தன்மைகூட ஏறத்தாழ 25,000 பிரசவத்தில் ஒன்றுதான். என்றாலும், பிள்ளைக்கு ஒரு குறை என்றவுடன் தாயை மட்டும் சுட்டும் விரலுக்கு அறிவியலில் இடமில்லை என்பது இதனால் தெளிவாகிறது.

தாய்மாமன் மணத்தைப் பற்றியும் இங்கே ஒரு சொல் சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட மணங்களில் வயது இடைவெளியும் இரத்த உறவும் ஒன்றாக வந்தன. பிள்ளைக்கு நோய் வந்தால் எது காரணம் என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போயிற்று. நெருங்கிய இரத்த உறவு தனியே ஓர் அபாயம். ஒரே குடும்பத்தில் மறைந்து கிடக்கும் குறை இரு பக்கத்திலிருந்தும் பிள்ளைக்கு வந்து சேர்வது அது. பெற்றோரின் வயதோடு அதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளலாகாது.

இனி, வயதால் வராதவை எவை? பிள்ளையின் நிறம், மூக்கு, முடி, உயரம் இவையெல்லாம் பரம்பரை வழியே வருகின்றன. தகப்பன் ஐம்பதில் பெற்றதால் பிள்ளை கறுத்துப் போவதில்லை. தாய் இருபதில் பெற்றதால் சிவந்து பிறப்பதும் இல்லை. குங்குமப்பூ நிறம் தராது. கடைக்குட்டி மெலிந்திருப்பதற்கு அடுத்தடுத்த பேறும் காரணமாகலாம். ஒரு பிள்ளை பிறந்த பின் அடுத்த கருவுக்கு இரண்டு ஆண்டாவது இடைவெளி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. தாயின் உடம்பு இழந்த இரத்தத்தையும் சத்தையும் திரும்பப் பெற அந்தக் காலம் தேவை.

இன்று தோட்டத்தின் நிலை மாறிவிட்டது. நெகிரி செம்பிலானில் பல ரப்பர்க் காடுகள் செம்பனைத் தோட்டங்களாயின. லாபு, செண்டாயான் பக்கத்துத் தோட்டங்கள் சில வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. நம் பெண் பிள்ளைகள் படிக்கிறார்கள், தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் வேலை பார்க்கிறார்கள். கொள்ளுப்பாட்டி பதினான்கில் பெற்ற வீட்டில், கொள்ளுப்பேத்தி முப்பத்தைந்தில் தலைப்பிள்ளையைச் சுமக்கிறாள். "இவ்வளவு வயதுக்குப் பிறகா?" என்று அவளைக் கேட்கிறவர்கள் உண்டு. வயது கூடிய பெற்றோரிடம் நிதானமும் சேமிப்பும் கல்வியும் கூடுதலாக இருக்கக்கூடும். அவையும் பிள்ளையின் நலத்துக்கு உதவுபவையே. அவளுக்கு வேண்டியது கேலி அன்று, கவனம்.

என்ன கவனம்? கருத்தரிக்க எண்ணும்போதே ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடங்கலாம். மூளை, தண்டுவடக் குறைகளை அது பெரிதும் தடுக்கிறது என்று 1991-இல் பிரிட்டனில் வெளியான ஆய்வு மெய்ப்பித்தது. கருவுற்றது தெரிந்தவுடன் அருகிலுள்ள அரசு சுகாதார நிலையத்தில் பதிந்துகொள்ள வேண்டும். அங்கே தாயின் பதிவேட்டில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிற அடையாளம் இடுகிறார்கள். எந்தத் தாயைத் தாதி பார்த்தால் போதும், யாரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பதை அது காட்டும். அங்கே வயதைக் கேட்டால் கூச்சப்படாமல் சரியாகச் சொல்லுங்கள். தகப்பனின் வயதையும் சொல்லுங்கள். இரத்தச் சோகை, சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகிய மூன்றையும் தவறாமல் பார்க்கச் சொல்லுங்கள்.

டவுன் குழந்தை பிறந்திருந்தால் அதை அறைக்குள் மறைக்க வேண்டாம். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இதயத்தில் குறை இருக்கும். அதை விரைவில் கண்டுபிடித்தால் சிகிச்சை செய்ய முடியும். 1929-ஆம் ஆண்டு வாக்கில் இங்கிலாந்தில் இக்குழந்தைகளின் சராசரி ஆயுள் ஒன்பது வயது. இன்று வளர்ந்த நாடுகளில் அது அறுபதை எட்டியிருக்கிறது. மாறியது அந்தக் குழந்தைகளின் இழை அன்று, அவர்களுக்குக் கிடைத்த பராமரிப்பு. நம் நாட்டிலும் 1984-இல் திரெங்கானுவில் தொடங்கிய சமூக மறுவாழ்வு நிலையங்கள் இன்று எல்லா மாநிலங்களிலும் உள்ளன. சமூக நலத்துறையில் பதிந்து மாற்றுத் திறனாளி அட்டை பெற்றால் பள்ளிக்கும் உதவிக்கும் வழி பிறக்கும். பதிவதற்குப் பிள்ளையின் பிறப்புப் பத்திரம் வேண்டும். பாட்டியின் வயது எந்த ஏட்டிலும் இல்லாமல் போனதால் வந்த தொல்லை பேரப்பிள்ளைக்கும் வர வேண்டாம்.

முடிவாக ஒரு சொல். மறுமுறை உங்கள் அண்டை வீட்டில் குழந்தை பிறந்து, நீங்கள் போய்ப் பார்க்கும்போது, அதன் முகம் சற்று வேறாக இருந்தால், காரணம் சொல்ல அவசரப்படாதீர்கள். அந்த முகத்தில் தாயின் வயது இருக்கலாம், தகப்பனின் வயது இருக்கலாம், பாட்டி பட்ட பசியும் இருக்கலாம். குற்றம் மட்டும் அதில் இல்லை. உள்ளே படுத்திருப்பவளுக்குக் கேட்கும்படி ஏதாவது சொல்ல விரும்பினால், "அம்மா, அடுத்த வாரம் கிளினிக்குக்கு நானும் துணைக்கு வருகிறேன்" என்று சொல்லுங்கள்.